புதையல் தேடிய பேராசிரியர்: ஹைரம் பிங்காமின் வாழ்வும் வடுவும்

சாகசத் திரைப்படம் பார்த்துப் பழகியோர் ஒரு மனிதரை நன்கு அறிவர். தலையில் விளிம்பகன்ற தொப்பி. உடலில் புழுதி படிந்த தோற்சட்டை. முகத்தில் பல நாள் மழிக்காத தாடி. பருவம் முழுவதும் கல்லூரியில் பாடம் நடத்துவார். விடுமுறை வந்ததும் கொடி பின்னிய காடுகளைக் கடந்து, இன்காக்கள் மறைத்து வைத்த பொன்னைத் தேடிப் புறப்படுவார். வெள்ளித்திரை இவரைப் பல பெயர்களில் நமக்குக் காட்டியுள்ளது. இவர் கற்பனை மாந்தரே. எனினும் வேரற்ற கற்பனை அல்லர். உண்மையிலேயே கல்லூரி ஆசிரியராக இருந்து, உண்மையிலேயே ஆண்டிஸ் மலையில் ஏறி, மூடுபனிக்குள் கிடந்த கல்நகரம் ஒன்றை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்த ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் ஹைரம் பிங்காம்.

இவர் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு மாணவியின் வினாவே காரணம். 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தில் கிளிமாஞ்சாரோ மலையின் பெயரால் அறியப்படும் பாடற்காட்சியை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். அதில் தெரியும் கற்கோட்டையும் படிக்கட்டு வயல்களும் ஆப்பிரிக்காவில் உள்ளனவா என்று அம்மாணவி கேட்டாள். பாட்டின் மலை ஆப்பிரிக்காவில் உள்ளது. படமெடுத்த மலையோ தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் உள்ள மச்சு பிச்சு. அவ்வளவே அன்று என்னால் சொல்ல முடிந்தது. அதற்குமேல் சொல்ல இயலாத வெட்கமே என்னைப் பிங்காமிடம் கொண்டுசென்றது. வியப்போடு தொடங்கிய படிப்பு, ஒரு பெயரில் வந்து இடறி நின்றது. அந்த இடறலையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியும் கல்வியும்

பிங்காம் 1875ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், அன்று தனி அரசாக விளங்கிய ஹவாயின் ஹொனலூலு நகரில் பிறந்தார். சமயப் பணிக்கே தம்மை ஒப்புக்கொடுத்த குடும்பம் அது. பாட்டனார் 1820இல் ஹவாய்க்கு வந்த முதல் அமெரிக்கப் போதகர் குழுவைச் சேர்ந்தவர். ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்த முயற்சியில் பங்கு கொண்டவர். தந்தையார் கில்பர்ட் தீவுகளில் பணியாற்றி, அத்தீவினரின் மொழியை முதன்முதலாக எழுத்தில் வடித்து, விவிலியம் முழுவதையும் அதில் பெயர்த்தவர். மூவருக்கும் பெயர் ஒன்றே. எழுத்தில்லாத மொழிகளுக்கு எழுத்துத் தந்த குடியில் பிறந்தவர், எழுத்தின்றி மறைந்துபோன ஓர் அரசின் தடங்களைத் தேடிச் சென்றார் என்பது எண்ணி மகிழத்தக்க பொருத்தம்.

வீட்டில் வழிபாடும் கண்டிப்பும் மிகுதி, செல்வம் குறைவு. ஏறத்தாழப் பன்னிரண்டாம் அகவையில், சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு கப்பலேறி ஓடிவிடச் சிறுவன் திட்டமிட்டான். அத்திட்டம் கைகூடவில்லை, ஓடும் ஆசை மட்டும் அவனை விட்டு அகலவில்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் ஆண்டோவர் பள்ளியிலும், பிறகு யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1898இல் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் முதுகலையும், ஹார்வர்டில் 1905இல் முனைவர் பட்டமும் முடித்தார். ஆறடி நான்கங்குல உயரமும் மெலிந்த உடலும் கொண்ட அவ்விளைஞர் 1900இல் ஆல்பிரெடா மிச்செல் என்னும் பெண்ணை மணந்தார். புகழ்பெற்ற டிஃபனி நகைக்கடையை நிறுவியவரின் பேத்தி அவர். ஏழு ஆண்மக்கள் பிறந்தனர். மனைவி வழி வந்த வளமே பிங்காமின் பயணங்களுக்கு வழிச்செலவாயிற்று.

அவர் படித்தது வரலாறு; தொல்லியல் அன்று. தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவார் படை நடத்திய வழியைத் தாமே நடந்து பார்க்க விரும்பி, 1906-07இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலிருந்து கொலம்பியாவின் பொகோட்டாவுக்குச் சென்றார். நூலகத்தில் படித்ததைக் காலால் சரிபார்க்கும் பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது. 1907இல் யேல் பல்கலைக்கழகத்தில் தென்னமெரிக்க வரலாறு கற்பிக்கும் பணி கிடைத்தது.

பொன் என்னும் கதை

இன்காப் புதையல் என்ற சொல்லுக்கு இத்துணை ஈர்ப்பு எப்படி வந்தது? அதற்கு விடை 1532இல் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பரில் கஹமார்க்கா என்னும் ஊரில் இன்கா அரசன் அத்தவால்பாவைப் பிசாரோ என்னும் இசுபானியப் படைத்தலைவன் சிறைப்பிடித்தான். தன்னை விடுவித்தால் தான் இருக்கும் அறையை ஒருமுறை பொன்னாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்புவதாக அரசன் வாக்களித்தான். அறை ஏறத்தாழ 22 அடி நீளமும் 17 அடி அகலமும் உடையது. நாடெங்கிலுமிருந்து பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. வந்தவை உருக்கிக் கட்டிகளாக்கப்பட்டன. 1533இல் அரசன் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். அவன் இறந்த செய்தி கேட்டு, வழியில் வந்துகொண்டிருந்த பொன் மலைகளுக்குள் மறைக்கப்பட்டது என்ற கதை பிறந்தது. எஞ்சிய இன்கா மரபினர் வில்கபம்பா என்னும் காட்டுப் பகுதியில் ஒதுங்கி ஆண்டனர். 1572இல் கடைசி அரசன் தூப்பாக் அமாரு பிடிபட்டு, குஸ்கோ நகரில் தலை துணிக்கப்பட்டான். அந்தக் கடைசித் தலைநகர் எங்கே என்பது பின்னர் மறந்துபோயிற்று. மறைந்த பொன், மறந்த நகர் என்னும் இவ்விரண்டே நம் காலத்துச் சாகசப் படங்கள் பலவற்றின் கதைமுதல்.

பிங்காமையும் முதலில் மலையேற்றியது பொன்னாசையே. அவ்வாசை பிறருடையது. 1908இல் சீலே நாட்டில் நடந்த அறிவியல் மாநாட்டுக்குப் பேராளராகச் சென்றவர், 1909இல் பெரு வழியாகத் திரும்பினார். சொக்கெகிராவோ என்னும் இடிபாட்டில் இன்காப் பொன் புதைந்துள்ளது என்று நம்பிய அப்பகுதி ஆட்சியாளர், முனைவர் பட்டம் பெற்ற இவர் எல்லாம் அறிவார் எனக் கருதி, அங்கே வந்து பார்க்கும்படி வற்புறுத்தினார். மழைக்காலத்தில் அரைமனத்துடன் ஏறிய பிங்காம் பொன் எதையும் காணவில்லை, கற்சுவர்களைக் கண்டார். அங்கே 1834 முதல் வந்துசென்றோர் தம் பெயர்களைப் பொறித்து வைத்திருந்தனர். வரலாற்றாசிரியர்க்குரிய கடமையுணர்வோடு அப்பெயர்களை அவர் ஒன்றுவிடாமல் படியெடுத்துக்கொண்டார். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

1911 ஜூலை 24

இன்காக்களின் கடைசித் தலைநகரைத் தேடி, 1911இல் எழுவர் கொண்ட யேல் குழுவோடு பிங்காம் பெருவுக்கு வந்தார். குஸ்கோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஆல்பர்ட் கிசெக்கே என்னும் அமெரிக்கர், உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மெல்கோர் ஆர்ட்டியாகா என்பவரைப் பார்த்தால் மலைமேல் உள்ள இடிபாடுகளைக் காட்டுவார் என்று வழி கூறியிருந்தார். பழைய நிலப்படங்களிலும் ஐரோப்பியப் பயணியர் குறிப்புகளிலும் மச்சு பிச்சு என்னும் பெயர் முன்னரே ஏறியிருந்தது.

ஜூலை 24 காலை குளிரும் தூறலுமாக விடிந்தது. உடன் வந்த அறிஞர்களுள் ஒருவர் வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போனார்; மருத்துவர் துணி துவைக்க வேண்டும் என்று தங்கிவிட்டார். ஆர்ட்டியாகாவும் முதலில் தயங்கினார். நாட்கூலியைப் போல மும்மடங்குக்கு மேலாக ஒரு வெள்ளிக்காசு தருவதாகச் சொன்ன பிறகே இசைந்தார். பெரு அரசு துணைக்கு அனுப்பிய கராஸ்கோ என்னும் படைவீரரோடு மூவராகப் புறப்பட்டனர். கொடியால் கட்டிய சில மரங்களே ஆற்றின்மீது பாலம். மற்ற இருவரும் வெறுங்காலோடு நடந்து கடக்க, நெடிய பேராசிரியர் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து கடந்தார்.

செங்குத்தான ஏற்றத்துக்குப் பிறகு நண்பகலில் ஒரு குடிசை தெரிந்தது. ரிச்சார்த்தே, அல்வாரெஸ் என்னும் இரண்டு உழவர்கள் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்துவந்தனர். வரி வாங்குவோர் தொல்லையும் படைக்கு ஆள் பிடிப்போர் தொல்லையும் இல்லாத அம்மேட்டில், இன்காக்கள் கட்டிய படிக்கட்டு வயல்களைத் திருத்தி, மக்காச்சோளமும் கிழங்கும் பயிரிட்டுவந்தனர். வந்தவர்களுக்குக் குளிர்ந்த நீரும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தந்தனர். அங்கிருந்து வழிகாட்டியாக வந்தவன் ஒரு சிறுவன்.

அச்சிறுவனின் பின்னே நடந்த பிங்காமின் கண்முன், மரமும் பாசியும் மூடிய வெண்கல் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. சுண்ணமும் சாந்தும் இன்றி, ஊசி நுழையவும் இடமின்றி இணைத்த கற்கள். வளைந்த கோபுரம் ஒன்று. அதன் அடியில் செதுக்கிய குகை. மலைத்தொடரை நோக்கித் திறந்த மூன்று சாளரங்கள் கொண்ட மண்டபம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில், இரு கொடுமுடிகளுக்கு இடையே உள்ள சேணம் போன்ற மேட்டில் ஒரு நகரமே நின்றிருந்தது. படங்கள் எடுத்தார், அளவுகள் குறித்தார், மாலைக்குள் இறங்கிவிட்டார். வியப்பென்னவெனில், அன்று அவர் அங்கே கழித்தது சில மணி நேரமே. கடைசித் தலைநகரைத் தேடி அவர் மேலே போய்விட்டார். காடு திருத்தி நிலப்படம் வரையும் பணியைப் பின்னர்க் குழுவினர் இருவரிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதத்திலேயே விட்கோஸ் என்னும் இன்கா ஊரையும், காட்டுக்குள் புதைந்திருந்த எஸ்பிரித்து பம்பா இடிபாட்டையும் கண்டார். எஸ்பிரித்து பம்பாவை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர் தேடிய கடைசித் தலைநகர் அதுவே என்பது அவர் மறைவுக்குப் பின் 1960களில் தெளிவாயிற்று. தேடியது கைக்கு வந்தும் அறியாமல் கடந்து, தேடாதது கிடைத்ததால் புகழ் பெற்றவர் அவர்.

சுவரில் இருந்த பெயர்

மூன்று சாளர மண்டபத்தின் சுவரில் பிங்காம் இன்னொன்றையும் கண்டார். கரியால் எழுதிய ஒரு பெயரும் ஓர் ஆண்டும்: லிசாராகா, 1902. அகுஸ்தின் லிசாராகா என்பவர் அப்பள்ளத்தாக்கில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட உழவர். விளைநிலம் தேடி மலையேறியபோது நகரைக் கண்டு, தம் பெயரைச் சுவரில் எழுதிவைத்தார். மச்சு பிச்சுவைக் கண்டறிந்தவர் இவரே என்று பிங்காம் தம் கைக்குறிப்பேட்டில் அப்போதே பதிந்துகொண்டார். லிசாராகா 1912இல் அதே ஆற்றின் வெள்ளத்தில் மாண்டார்.

குறிப்பேட்டிலிருந்து நூலுக்கு வரும்போது அப்பெயர் என்னவாயிற்று? 1922இல் வெளியிட்ட ‘இன்கா நாடு’ என்னும் நூலில், சுவர்க்கிறுக்கல் என்ற அளவில் லிசாராகாவின் வருகை ஒரு தொடரில் அடங்கிவிட்டது. 1948இல், எழுபத்திரண்டாம் அகவையில் எழுதி வெளியிட்ட ‘இன்காக்களின் மறைந்த நகரம்’ என்னும் புகழ்பெற்ற நூலில் அத்தொடரும் இல்லை. கிழங்கு தந்த உழவர்கள் இருக்கின்றனர். வழிகாட்டிய சிறுவன் இருக்கிறான். வெள்ளிக்காசு வாங்கிய ஆர்ட்டியாகா இருக்கிறார். முன்னே வந்தவர் மட்டும் இல்லை. சொக்கெகிராவோவில் முன்வந்தோர் பெயர்களையெல்லாம் படியெடுத்த அதே கை, தனக்குப் புகழ் தந்த ஊரில் ஒரே ஒரு பெயரை நழுவவிட்டது. அங்கே தாம் முதல்வர் அல்லர் என்பதால் இழப்பு இல்லை, இங்கே இருந்தது. என்னை இடறச் செய்தது இதுவே.

பிங்காமுக்கும் நீதி செய்ய வேண்டும். வரலாற்றில் பார்ப்பது வேறு. பார்த்ததன் பொருளை உணர்ந்து உலகுக்கு உரைப்பது வேறு. அவ்விரண்டாவதைச் செய்தவர் பிங்காமே. அவர் எடுத்த படங்களும் வரைவித்த நிலப்படங்களும் இன்றேல் மச்சு பிச்சு மேலும் பல்லாண்டுகள் மூடியே கிடந்திருக்கலாம். ஆயினும் இரண்டாவதன் பெருமைக்கு முதலாவதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

பெட்டிகள்

1912இல் தேசிய புவியியல் கழகமும் யேல் பல்கலைக்கழகமும் பொருளுதவி செய்ய, பிங்காம் மீண்டும் சென்று அகழ்ந்தார். 1913 ஏப்ரலில் அக்கழகத்தின் இதழ் முழுவதையும் அவர் கட்டுரையும் படங்களுமே நிரப்பின. அகழ்வில் கிடைத்தவை மட்கலங்கள், வெண்கலக் கருவிகள், வெள்ளி ஊசிகள், எலும்புகள். கதைகள் சொன்ன பொற்குவியல் அங்கே இல்லை.

கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று குழுவின் எலும்பியலாளர் கருதினார். அதைக் கொண்டு, கதிரவனுக்கு நேர்ந்துவிடப்பட்ட கன்னியர் வாழ்ந்த கடைசிப் புகலிடம் அது என்று பிங்காம் ஒரு கதை நெய்தார். இன்று அக்கதை நிற்கவில்லை. பிற்கால மறு ஆய்வில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தமை தெரிந்தது. பச்சாகூத்தி என்னும் இன்கா அரசன் தனக்கென அமைத்த ஓய்வு நகரமே அது எனப் பழைய நில ஆவணத்தின் துணையால் ஆய்வாளர் நிறுவினர். 2021இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு, 1420 அளவிலிருந்து 1530 அளவு வரை அங்கே மக்கள் வாழ்ந்தனர் என்கிறது. அவ்வாண்டின் மற்றோர் ஆய்வு, ஊரின் பழம்பெயர் வைனா பிச்சு என்றே இருந்திருக்கலாம் என்கிறது. நகரைக் கண்டவர் பெயர் மட்டுமன்றி, நகரின் பெயரும் மாறி வழங்கியிருக்கக்கூடும்.

எடுத்த பொருள்கள் பெட்டிகளில் யேலுக்குச் சென்றன. கேட்கும்போது திருப்பித் தரவேண்டும் என்பது பெரு அரசின் நிபந்தனை. 1914-15இல் மூன்றாம் முறை சென்றபோது நிலைமை மாறிவிட்டது. இசைவின்றித் தோண்டுகிறார், பொன்னைக் கடத்துகிறார் என்று குஸ்கோவில் குற்றச்சாட்டு எழுந்தது. பொன் கடத்தல் என்பது மெய்யன்று. ஆனால் தம் முன்னோர் பொருளை அயலார் பெட்டி பெட்டியாக அள்ளிச் செல்வதைக் கண்ட குஸ்கோ அறிஞர்களின் சினத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பிங்காம் மனம் கசந்து நாடு திரும்பினார். 1916இல் 74 பெட்டிகள் பதினெட்டு மாதக் கடனாகச் சென்றன. அவை பெருவுக்கே உரியவை என்பதைப் பிங்காம் தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு பகுதி திரும்பியது. எஞ்சிய ஆயிரக்கணக்கான பொருள்கள் யேலிலேயே தங்கிவிட்டன.

ஒருநாள் ஆளுநர்

மலையை விட்டவர் வானத்தைப் பற்றினார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்று, பிரான்சில் இசூதுன் என்னுமிடத்தில் அமெரிக்க விமானிகளின் பெரும் பயிற்சித் தளத்துக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் அரசியல். கனெக்டிகட் மாநிலத்தின் துணை ஆளுநரானார். 1924இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே காலியான செனட் இடத்துக்கும் வென்றதால், 1925 ஜனவரியில் ஒரே ஒரு நாள் ஆளுநராக இருந்து, மறுநாள் பதவி துறந்து வாஷிங்டன் சென்றார்.

அங்கே ஒரு வடு காத்திருந்தது. சுங்கவரிச் சட்டம் வரையும் குழுவில் இருந்தபோது, தொழில் முதலாளிகள் சங்கத்தின் ஆள் ஒருவரைச் செனட்டின் சம்பளப் பட்டியலில் சேர்த்து, மூடிய அறைக் கூட்டத்துக்குள் அழைத்துச் சென்றார். 1929 நவம்பர் 4ஆம் நாள், 54க்கு 22 என்ற வாக்குக் கணக்கில் செனட் அவர் செயலைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. 1932 தேர்தலில் தோற்றார். 1937இல் முதல் மனைவியுடன் மணமுறிவு ஏற்பட்டு, மறுமணம் செய்துகொண்டார். 1951 முதல் 1953 வரை அரசு ஊழியரின் நாட்டுப்பற்றை ஆராயும் வாரியத்துக்குத் தலைமை தாங்கினார். ஐயத்தின் பேரிலேயே பலர் வேலையிழந்த காலம் அது.

அவர் பெயரையே தாங்கிய மகன் நான்காம் ஹைரம் பிங்காம் வேறு வழி நடந்தவர். 1940-41இல் பிரான்சின் மார்சேய் நகரில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்தபோது, மேலிடத்தின் விருப்பத்துக்கு மாறாக, நாஜிகளிடமிருந்து தப்ப முயன்ற யூதர் பலருக்கு நுழைவு ஆவணம் வழங்கினார். ஓவியர் மார்க் சாகலும் எழுத்தாளர் லியோன் ஃபாய்க்ட்வாங்கரும் அவ்வாறு உதவி பெற்றோரில் அடங்குவர். அதனால் அவர் பதவி உயர்வு கெட்டது. அச்செயலின் பெருமையை நாடு உணர்ந்தது அவர் மறைவுக்குப் பின்னரே.

திரைக்கு வந்த மலை

1948இல் மச்சு பிச்சுவுக்கு மலைச்சாலை திறக்கப்பட்டது. அதற்குப் பிங்காமின் பெயரே சூட்டப்பட்டது. முதியவர் விழாவுக்கு நேரில் சென்றார். அடுத்த ஐந்தாண்டில் அம்மலைக்குப் படக்குழு ஏறியது. பாரமவுண்ட் நிறுவனத்தின் ‘இன்காக்களின் இரகசியம்’ 1954இல் வெளியாயிற்று. ஜெரி ஹாப்பர் இயக்கம். சார்ல்டன் ஹெஸ்டன் நாயகன். பெருவின் பாடகி இமா சுமாக் தம் அரிய குரலோடு தோன்றினார். தொப்பியும் தோற்சட்டையும் அணிந்த நாயகன், இன்காக் கதிரவனின் பொற்சின்னத்தைத் தேடுகிறான். கையில் கிடைத்ததும் தானே கொண்டுபோக நினைத்தவன், இறுதியில் மனம் மாறி, உரிய மக்களிடமே ஒப்படைக்கிறான்.

1981இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் முதற்படத்தின் உடை அமைப்புக்கு இப்படமே வழிகாட்டியது என்பதை அதன் உடை வடிவமைப்பாளர் தெரிவித்துள்ளார். அந்நாயகனின் மூலமே பிங்காம்தான் என்று பலர் சொல்வர். படைத்தவர்கள் அவ்வாறு உறுதி கூறியதில்லை. ஆனால் ஒரு தற்செயல் சுவையானது. அப்படத்தின் தொடக்கத்தில் பெருவின் காடாகக் காட்டப்படுவது உண்மையில் ஹவாய். பிங்காம் பிறந்த தீவுக்கூட்டம். ஓட நினைத்த சிறுவன் விட்டுச்சென்ற மண்ணே அவன் ஏறிய நாட்டின் வேடம் புனைந்தது. கண்டெடுத்த பொருள் தனியார்க்கன்று, அருங்காட்சியகத்துக்கே உரியது என்பது அந்நாயகனின் கொள்கை. எந்நாட்டு அருங்காட்சியகத்துக்கு என்ற வினாவைத் திரை எழுப்புவதில்லை, பெரு எழுப்பியது.

கவிஞர் ஏறிய மலை

நம் வட்டத்துக் கவிஞர்கள் மற்றொரு பயணியையும் அறிவர். 1943இல் சீலே நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா மச்சு பிச்சுவுக்கு ஏறினார். 1945இல் அதைப் பொருளாக்கி ஒரு நெடுங்கவிதை எழுதினார். 1950இல் வந்த அவருடைய பெருநூலில் அது ஒரு பகுதியாயிற்று. பிங்காம் அங்கே அரசரையும் கன்னியரையும் தேடினார். படக்குழுவினர் பொன்னைத் தேடினர். நெருடாவோ, கல் சுமந்தவன் எங்கே, அவன் உண்டானா உறங்கினானா என்று தேடினார். புதையல் என்பது மண்ணுக்கடியில் கிடக்கும் பொருளன்று, பெயரின்றிப் போன மனிதரே என்பதை அந்த ஒரு கேள்வியில் அவர் உணர்த்திவிட்டார். மூவரும் ஏறியது ஒரே மலை. அவரவர் தேடியதற்கேற்பவே அவரவர் கண்டனர்.

திரும்பி வந்தவை

1956 ஜூன் 6ஆம் நாள் வாஷிங்டனில் பிங்காம் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற கணக்கு ஒன்று மட்டும் தீராமல் நின்றது. பெரு கேட்டது, யேல் தயங்கியது, 2008இல் வழக்கு எழுந்தது, 2010 நவம்பரில் உடன்பாடு கண்டது. 2011, 2012 ஆண்டுகளில் பொருள்கள் பகுதி பகுதியாகப் பெருவுக்குத் திரும்பின. குஸ்கோவின் பழைய மாளிகையான காசா கோஞ்சாவில், பல்கலைக்கழகப் பொறுப்பில் அவை வைக்கப்பட்டன. 1954இல் திரையில் ஒரு கற்பனை நாயகன் ஒன்றரை மணி நேரத்தில் செய்து முடித்ததைச் செய்ய, மெய்யுலகத்துக்கு நூறாண்டு தேவைப்பட்டது.

பொருள்கள் திரும்பின, பெயர் திரும்பியதா? அறிஞர் நூல்களில் லிசாராகாவின் பெயர் இன்று மீண்டும் இடம்பெறுகிறது. மண்டபச் சுவரில் அவர் எழுதிய கரியெழுத்தோ இன்று இல்லை. கரி அழியும் என்று தெரிந்தே ஒருவன் எழுதுகிறான். அதை அழியாத இடத்துக்கு எடுத்து எழுதுவது பின்வருவோன் கடமை.

பிங்காமைப் பழித்துப் பேச இதை நான் எழுதவில்லை. அவர் துணிவையும் உழைப்பையும் எண்ணும்போது தலை தாழ்கிறது. ஆறடிக்கு மேற்பட்ட அவ்வுருவம் கையும் காலும் ஊன்றி ஆற்றைக் கடந்த காட்சி என் மனத்தைவிட்டு அகலாது. ஆனால் இளமையில் கைக்குறிப்பில் உண்மை எழுதியவர், முதுமையில் நூலில் அதை விட்டுவிட்டார் என்பது எழுதுவோர் அனைவருக்கும் எச்சரிக்கை. நினைவு, நமக்கு வசதியானதை மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் கைக்குறிப்பு வேண்டும். அக்குறிப்புக்கு நாம் உண்மையாக இருக்கவும் வேண்டும்.

வட்டம் பத்தாண்டு நிறைந்து மலர் வெளியிடும் இவ்வேளையில் எழுதியோர் பெயர்கள் அச்சேறுகின்றன. அரங்கம் தேடி அலைந்தவர், பாய் விரித்தவர், முதற்கூட்டத்துக்குத் தேநீர் கொணர்ந்தவர், வந்திருந்து கேட்டுப் போனவர் ஆகியோர் பெயர்களும் நம் குறிப்பேடுகளில் எங்கேனும் இருக்கும். இருபதாம் ஆண்டு மலர் வரும்போது நம் நினைவு அவற்றை நழுவவிடலாம். அதற்கு முன் இப்போதே எழுதிவிடுவோம்.